கொலஸ்திரோல் ரிப்போட்டை வாசிப்பது எப்படி?
சோறு, ரொட்டியைக் குறைத்துச் சாப்பிடுவோருக்கு ஒரு பாடம்



சென்ற இதழில் இரத்த அழுத்தம் பற்றிய பாடத்தைப் படித்தீர்கள். அந்தப் பாடத்தை வாசித்த பிறகு பல பேர் கிளினிக்குக்குப் போய் அழுத்தம் பார்த்ததாக எமக்குச் சொன்னார்கள். மகிழ்ச்சி. போனவர்களில் சிலர் இரத்தப் பரிசோதனைக் கடதாசியையும் கையோடு கொண்டு வந்து, "ஐயா, இதுல சிவப்புக் கோடு போட்டிருக்கு. என்னான்னு பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டார்கள். அத்தோடு இன்னொரு கேள்வியும் வந்தது. "போன்ல பார்த்தேன். சோறு, ரொட்டிய விட்டுட்டு முட்டையும் இறைச்சியும் சாப்பிட்டா கொழுப்பும் சீனியும் குறைஞ்சிருமாமே, உண்மையா?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்துத்தான் இன்றைய பாடம். நாம் டொக்டர் அல்ல. எமது படிப்பு பாடசாலையோடு முடிந்தது. ஆனால் இந்தக் கடதாசியை வாசிக்கப் பழகிக்கொள்ள வேண்டிய தேவை எமது சொந்த வீட்டிலேயே வந்தது. அந்தக் கதையிலிருந்து தொடங்குவோம்.

வடமராட்சி வீட்டில் நடந்தது

எமது பிறந்த ஊர் யாழ்ப்பாணம், வடமராட்சி. 2023 தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது எமது அண்ணரைப் பார்த்து அதிசயப்பட்டோம். ஆள் நன்றாக மெலிந்திருந்தார். டொரன்டோவில் இருக்கும் சொந்தக்காரப் பொடியன் ஒருவர் அனுப்பிய வீடியோக்களைப் பார்த்து, ஐந்து மாதமாக அண்ணர் சோறு, பிட்டு, இடியப்பம், பாண், சீனி எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார். காலையில் நெய்யில் பொரித்த மூன்று முட்டை. மத்தியானம் கொழுப்போடு ஆட்டிறைச்சி, தேங்காயின் முதற்பாலில் காய்ச்சிய கறி. இரவிலும் அப்படித்தான். பொங்கலன்று பொங்கலைக்கூடத் தொடவில்லை.

எமக்கு முன்னால் இரண்டு ரிப்போட்டுகளை விரித்து வைத்தார்.

"இஞ்சை பார் தம்பி, பதினொரு கிலோ குறைஞ்சிட்டுது. முழங்கால் நோவும் இல்லை. ட்ரைகிளிசரைட் 260 இலை இருந்து 85க்கு இறங்கீட்டுது. நல்ல கொழுப்பு 36 இலை இருந்து 52க்கு ஏறீட்டுது. எனக்கென்ன குறை?"

"எல்.டி.எல். 237 எண்டு கிடக்குதே அண்ணை?"

"அது இப்பிடிச் சாப்பிடுற ஆக்களுக்கு ஏறுமாம். அது பெரிய சைஸ் எல்.டி.எல்.லாம், ஒண்டும் செய்யாதாம்."

அடுப்படியில் நின்ற அம்மா திரும்பிப் பார்த்தார். "உங்கடை கொப்பரும் எனக்கென்ன குறை எண்டுதான் சொன்னவர்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

எமது தகப்பனார் 1989 இல், 51 வயதில், வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக் கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். எழும்பவில்லை. அன்று நாம் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அவருடைய இரத்தத்தை ஒருநாளும் யாரும் பரிசோதித்ததில்லை.

அண்ணர் சொன்னதில் எது சரி, எது பிழை? அவர் எல்லாவற்றையும் பிழையாகச் சொல்லவில்லை. அதனால்தான் இந்த விஷயத்தைக் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

கடதாசியில் உள்ள நான்கு பெயர்கள்

ரிப்போட் ஆங்கிலத்தில் இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்தார். இரசாயனத்தைக்கூட 'கெமிஸ்தம்' என்ற பெயரில் 1875 இல் தமிழ் நூலாக்கினார். அத்தனை காலத்துக்கு முன்பே தமிழில் வைத்தியம் படிக்க முடிந்ததென்றால், இன்று நான்கு சொற்களைப் படிக்க எம்மால் முடியாதா?

கொழுப்பு தண்ணீரில் கரையாது. இரத்தம் பெரும்பகுதி தண்ணீர். ஆகவே கொழுப்பை ஏற்றிப் போக உடம்புக்கு லொறி வேண்டும். அந்த லொறிகளின் கணக்குத்தான் இந்த ரிப்போட். ஈரலை எமது தேயிலைத் தொழிற்சாலை என்று நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் உறுப்புகள் தூரத்தில் இருக்கும் லயங்கள். இரத்தக் குழாய்தான் ரோட்டு.

1. ட்ரைகிளிசரைட்: இது எரிபொருள். நாம் தேவைக்கு மேல் சாப்பிடும் சோறு, மா, சீனி, குடிக்கும் சாராயம் ஆகியவற்றை ஈரல் இந்தக் கொழுப்பாக மாற்றி லொறியில் ஏற்றி வெளியே அனுப்புகிறது.

2. எல்.டி.எல்.: எரிபொருளை இறக்கிய பிறகு, கொலஸ்திரோல் சுமையோடு ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும் லொறி. இந்த லொறிகள் கூடினால் சுமை ரோட்டு ஓரத்தில், அதாவது இரத்தக் குழாயின் சுவரில், இறங்கிப் படிகிறது. வருடக்கணக்கில் படிந்து குழாய் ஒடுங்குகிறது. அதனால்தான் இதைக் 'கெட்ட கொழுப்பு' என்கிறார்கள்.

3. எச்.டி.எல்.: மிஞ்சிய கொலஸ்திரோலைத் திரும்ப ஈரலுக்குக் கொண்டுவரும் லொறி. மலையிலிருந்து கொழுந்து ஏற்றித் தொழிற்சாலைக்கு வருவது போல. இதை 'நல்ல கொழுப்பு' என்பார்கள்.

4. மொத்தக் கொலஸ்திரோல்: எல்லா லொறியிலும் உள்ள கொலஸ்திரோலின் கூட்டுத்தொகை. நல்லதும் கெட்டதும் ஒன்றாகக் கலந்த எண் இது. ஆகவே இதை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கொலஸ்திரோல் நஞ்சு அல்ல. உடம்பின் ஒவ்வொரு கலத்துக்கும் அது வேண்டும். தேவையான அளவை ஈரலே செய்துகொள்ளும். ரோட்டில் லொறி கூடுவதுதான் பிரச்சினை.

எண்களும் எல்லைகளும்

பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவுகள் இவை. எல்லாம் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.

மொத்தக் கொலஸ்திரோல்: 200க்குக் கீழே நல்லது. 200 முதல் 239 வரை எல்லையில். 240உம் மேலும் அதிகம்.

எல்.டி.எல்.: 100க்குக் கீழே நல்லது. 130 முதல் 159 வரை எல்லையில். 160உம் மேலும் அதிகம். 190உம் மேலும் மிக அதிகம். சீனி வருத்தமோ இருதய வருத்தமோ உள்ளவர்களுக்கு டொக்டர்மார் இதை இன்னும் கீழே, 70க்கும் கீழே, கொண்டுவரப் பார்ப்பார்கள்.

எச்.டி.எல்.: ஆண்களுக்கு 40க்கும், பெண்களுக்கு 50க்கும் குறைந்தால் போதாது.

ட்ரைகிளிசரைட்: 150க்குக் கீழே நல்லது. 200உம் மேலும் அதிகம். 500க்கு மேல் போனால் கணையம் வீங்கி, தாங்க முடியாத வயிற்று வலி வரும் ஆபத்து உண்டு. அந்த நிலையில் நாள் கடத்தக் கூடாது.

சில ஆய்வுகூடங்கள் வேறு அளவில் எண் போடும். 'கொலஸ்திரோல் 5.2' என்று கண்டு, "அஞ்சுதானே, ரொம்பக் கம்மி" என்று ஒரு அண்ணன் சந்தோஷப்பட்டார். அது மில்லிமோல் அளவு. மொத்தம், எல்.டி.எல்., எச்.டி.எல். ஆகிய மூன்றையும் 38.7 ஆல் பெருக்க வேண்டும். 5.2 என்பது ஏறக்குறைய 201. ட்ரைகிளிசரைட்டை மட்டும் 88.6 ஆல் பெருக்க வேண்டும். 1.7 என்பது ஏறக்குறைய 150.

எல்.டி.எல். கணக்கு

அநேக இடங்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை. மற்ற மூன்றையும் அளந்து கணக்குப் போட்டு எடுக்கிறார்கள். 1972 இல் பிரீட்வால்ட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவில் வெளியிட்ட கணக்கு அது. நீங்களும் போட்டுப் பார்க்கலாம்:

மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழியுங்கள். பிறகு ட்ரைகிளிசரைட்டை 5 ஆல் பிரித்து, அதையும் கழியுங்கள். மிஞ்சுவது எல்.டி.எல்.

ட்ரைகிளிசரைட் 400க்கு மேல் இருந்தால் இந்தக் கணக்குப் பிழைக்கும். அப்போது நேரடியாக அளக்க வேண்டும்.

இன்னொரு சுலபமான எண்ணும் உண்டு. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்தால் வருவது கெட்ட லொறிகள் எல்லாவற்றினதும் கூட்டு. இதை நாம் 'கழித்த எண்' என்று சொல்லிக்கொள்வோம். இது 130க்குக் கீழே இருப்பது நல்லது. மாச்சத்துக் குறைத்துச் சாப்பிடுபவர்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் இந்த எண் மிகவும் பயன்படும்.

இரண்டு ரிப்போட்டுகள், இரண்டு பாடங்கள்

முதலாவது ரிப்போட் எமது தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாவுடையது. சீனி வருத்தம் உள்ளவர். மொத்தம் 198, எச்.டி.எல். 34, ட்ரைகிளிசரைட் 310, எல்.டி.எல். 102.

"இருநூறுக்குக் கீழதானே ஐயா, எனக்கு ஒன்னுமில்லைல்ல?" என்று கேட்டார். மொத்தத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் நல்ல கொழுப்பு மிகக் குறைவு. எரிபொருள் இரண்டு மடங்கு. கழித்த எண் 164. தெற்காசிய மக்களாகிய எம்மிடம் அதிகம் காணப்படுவது இந்த மாதிரியான ரிப்போட்தான்.

அவருடைய சாப்பாட்டைக் கேட்டோம். காலையில் இரண்டு ரொட்டி, மத்தியானம் சோறு, இரவு மறுபடியும் ரொட்டி. தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் சம்பல். நாளுக்கு ஆறு கோப்பை தேத்தண்ணி, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி. ஒரு தேக்கரண்டி 5 கிராம் என்றால் நாளுக்கு 60 கிராம் சீனி. வருடத்துக்கு ஏறக்குறைய 22 கிலோ! அவரைக் குறை சொல்ல முடியாது. மலையேறி வேலை செய்யும் உடம்புக்கு மலிவாகக் கிடைத்த எரிபொருள் மாவும் சீனியும்தான். இலங்கையர் சாப்பாட்டில் கிடைக்கும் சக்தியில் சுமார் 70 வீதம் மாச்சத்திலிருந்தே வருகிறது. வேலை நின்ற பிறகும் தட்டு மாறவில்லை என்பதே இந்த அம்மாவின் கஷ்டம்.

இரண்டாவது ரிப்போட் எமது அண்ணருடையது. உணவை மாற்ற முன்பு மொத்தம் 232, எச்.டி.எல். 36, ட்ரைகிளிசரைட் 260, எல்.டி.எல். 144. மாற்றிய பிறகு மொத்தம் 306, எச்.டி.எல். 52, ட்ரைகிளிசரைட் 85, எல்.டி.எல். 237.

கழித்த எண்ணைப் பாருங்கள். முன்பு 196. பின்பு 254. எரிபொருள் குறைந்தது, நல்ல லொறி கூடியது, எடை குறைந்தது. இவை உண்மையான நன்மைகள். ஆனால் கெட்ட லொறிகளின் கூட்டுக் குறையவில்லை, நன்றாகக் கூடிவிட்டது.

மாச்சத்தைக் குறைத்தால் இரத்தத்தில் என்ன நடக்கிறது?

மாச்சத்துக் குறைந்த உணவு புதியதல்ல. 1972 இல் அமெரிக்க வைத்தியர் அட்கின்ஸ் எழுதிய புத்தகத்தால் உலகம் முழுவதும் பரவியது. தமிழ்நாட்டில் 'பேலியோ' என்ற பெயரில் நியாண்டர் செல்வன் அவர்களின் எழுத்தாலும் முகநூல் குழுவாலும் ஆயிரக்கணக்கானோருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து போன் வழியாக எமது லயங்களுக்கும் வந்துவிட்டது. நாளுக்கு 130 கிராமுக்குக் குறைந்த மாச்சத்தைக் 'குறைந்த மாச்சத்து உணவு' என்பார்கள். 50 கிராமுக்கும் கீழே போனால் அது மிகக் கடுமையான முறை. ஒரு கோப்பை சோற்றில் சுமார் 45 கிராம், 100 கிராம் கோதுமை மாவில் சுமார் 75 கிராம் இருக்கிறது என்பதை வைத்துக் கணக்குப் பாருங்கள்.

இந்த உணவில் மூன்று மாற்றங்கள் நடக்கலாம்.

முதலாவது, ட்ரைகிளிசரைட் குறையும். ஈரலுக்கு மாவும் சீனியும் குறைவாக வருவதால் எரிபொருள் லொறியும் குறைவாகவே வெளிக்கிடும்.

இரண்டாவது, எச்.டி.எல். கொஞ்சம் ஏறும்.

மூன்றாவது எல்.டி.எல். இது ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்கு மாறாது, சிலருக்குக் குறையும், சிலருக்கு எமது அண்ணரைப் போல மிகவும் ஏறும். மெலிந்த உடம்புக்காரரிடமும் இப்படி ஏறுவதுண்டு. ஒரு முக்கிய காரணம் நிறைவுற்ற கொழுப்பு. அதாவது நெய், பட்டர், இறைச்சிக் கொழுப்பு, தேங்காய் எண்ணெய், முதற்பால் போன்றவற்றில் நிறைய இருப்பது. தொழிற்சாலைக்குத் திரும்பி வரும் லொறிகளை உள்ளே எடுக்க ஈரலில் வாசல்கள் உண்டு. இந்த வாசல்களைக் கண்டுபிடித்ததற்காகவே பிரவுண், கோல்ட்ஸ்டைன் என்ற இரு வைத்தியர்களுக்கு 1985 இல் நோபல் பரிசு கிடைத்தது. நிறைவுற்ற கொழுப்புக் கூடினால் இந்த வாசல்கள் குறைகின்றன. உள்ளே போக முடியாத எல்.டி.எல். லொறிகள் ரோட்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன.

"அது பெரிய சைஸ் எல்.டி.எல்., ஒண்டும் செய்யாது" என்று அண்ணர் சொன்னாரே, அது சரியா? சரியல்ல. பெரிய லொறியானாலும் சிறிய லொறியானாலும் சுமை ரோட்டு ஓரத்தில்தான் இறங்குகிறது. எத்தனை லொறி, எத்தனை வருடம் ஓடுகிறது என்பதுதான் கணக்கு. நல்ல கொழுப்பு ஏறியதால் கெட்டது கழிந்து போகும் என்பதும் பிழை. எச்.டி.எல்.லை மட்டும் ஏற்றிவிட மருந்துகள் செய்து பார்த்தார்கள். எண் ஏறியது, ஆனால் எதிர்பார்த்தபடி மாரடைப்புக் குறையவில்லை.

இன்னொன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். எடை வேகமாகக் குறைந்துகொண்டிருக்கும் காலத்தில் கொலஸ்திரோல் தற்காலிகமாக ஏறலாம். ஆகவே எடை ஒரு நிலையில் நின்று ஓரிரு மாதம் சென்ற பிறகு மறுபடியும் பார்ப்பது நல்லது. ஆனால் 190க்கு மேல் உள்ளவர் 'பிறகு பார்ப்போம்' என்று வீட்டில் இருக்கக் கூடாது. டொக்டரைப் பார்த்துவிட்டுத்தான் காத்திருக்க வேண்டும்.

இரத்தம் கொடுக்கப் போகும் முன்

- முதல்நாள் இரவு நேரத்தோடு சாப்பிட்டுவிட்டு, 9 முதல் 12 மணித்தியாலம் எதுவும் சாப்பிடாமல் காலையில் போங்கள். வெறும் தண்ணீர் குடிக்கலாம். பால், சீனி போட்ட தேத்தண்ணி கூடாது. இப்போது சில இடங்களில் சாப்பிட்ட பிறகும் எடுக்கிறார்கள். ஆனால் ட்ரைகிளிசரைட் கூடினவர்களுக்கு வெறும் வயிறே நல்லது.
- நன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடக்கவும் வேண்டாம். அதுவும் எண்ணை மாற்றும்.
- முதல் இரண்டு மூன்று நாள் சாராயம், கசிப்பு வேண்டாம். ட்ரைகிளிசரைட் ஏறிவிடும்.
- காய்ச்சலோ கடும் வருத்தமோ வந்த வாரத்தில் எடுத்தால் கொலஸ்திரோல் குறைவாகக் காட்டும். கர்ப்ப காலத்தில் கூடுதலாகக் காட்டும். இரண்டையும் வைத்து முடிவு செய்யக் கூடாது.
- தைரொயிட் வேலை குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும். எண் கூடுதலாக இருந்தால் அதையும் பார்க்கச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள்.
- பழைய ரிப்போட்டை எறியாதீர்கள். ஒரு ரிப்போட் ஒரு நாளின் படம் மாத்திரமே. இரண்டு மூன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் போக்குத் தெரியும்.

அண்ணருக்கு என்ன நடந்தது?

நாம் அண்ணரோடு சண்டை பிடிக்கவில்லை. "எடை குறைஞ்சது நல்லது அண்ணை. அதை விடச் சொல்லேல்லை. இந்தக் கடதாசியை ஒருக்கா டொக்டருக்குக் காட்டுவம்" என்று மட்டும் சொன்னோம். இரண்டு நாள் பேசாமல் இருந்தவர், மூன்றாம் நாள் காலையில் தானே சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து, "வா, மந்திகைக்குப் போவம்" என்றார்.

டொக்டர் முதலில் கேட்டது உணவைப் பற்றி அல்ல. "அப்பா எத்தனை வயதிலை செத்தவர்?" என்பதுதான். தகப்பனோ அண்ணன் தம்பியோ 55 வயதுக்கு முன்பும், தாயோ அக்கா தங்கச்சியோ 65 வயதுக்கு முன்பும் மாரடைப்பால் பாதிக்கப்பட்டிருந்தால், அந்தக் குடும்பத்தில் எல்லாரும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். பிறகு அண்ணரின் கண்ணிமையையும் குதிக்கால் நரம்பையும் பார்த்தார். பரம்பரையாகக் கொலஸ்திரோல் கூடியவர்களுக்கு அங்கே மஞ்சள் தடிப்புகள் வருவதுண்டாம். அண்ணருக்கு இருக்கவில்லை.

டொக்டர் மறுபடியும் மூன்று வேளையும் சோறு சாப்பிடச் சொல்லவில்லை. "மாச்சத்தைக் குறைச்சது சரி. அதுக்குப் பதிலா என்னத்தைப் போட்டீங்கள் எண்டதுதான் பிழை" என்றார். நெய்யும் முதற்பாலும் கொழுப்பு இறைச்சியும் குறைந்தன. சூடை மீன், நெத்தலி, முருங்கைக் கீரை, பயிற்றங்காய், கச்சான், அளவாக நல்லெண்ணெய் வந்தன. மத்தியானம் ஒரு சிறிய கோப்பை சிவப்பரிசிச் சோறு. அத்தோடு இரவில் ஒரு ஸ்டாட்டின் குளிசை. ஜப்பானிய விஞ்ஞானி அக்கிரா எண்டோ 1970களில் ஒரு பூஞ்சணத்திலிருந்து கண்டெடுத்த மருந்து வகை இது. ஈரலின் வாசல்களைக் கூட்டி எல்.டி.எல்.லைக் குறைக்கிறது.

2023 மே மாதம் வந்த ரிப்போட்: மொத்தம் 186, எச்.டி.எல். 50, ட்ரைகிளிசரைட் 90, எல்.டி.எல். 118. கழித்த எண் 136. இன்னும் குறைய வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். எடை திரும்ப ஏறவில்லை.

அதே மாதம் நாமும் இரத்தம் கொடுத்தோம். மெலிந்த உடம்பு, எமக்கு என்ன வரப்போகிறது என்று இருந்தோம். எல்.டி.எல். 176. எங்கள் தகப்பனார் எமக்கும் பங்கு வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். இப்போது நாமும் குளிசை எடுக்கிறோம். மற்றவர்களுக்குச் சொல்லித் திரிகிறவர் தன்னுடைய எண் தெரியாமல் இருந்தது வெட்கம்தான். அதனால் இதையும் எழுதி வைக்கிறோம்.

எமது தட்டில் என்ன வைக்கலாம்?

கொழுந்து எடுக்கும் பெண்களுக்கும் மலையில் கவ்வாத்து வெட்டும் ஆண்களுக்கும் சக்தி வேண்டும். கடுமையான முறை எவருக்கும் தேவையில்லை. செலவும் தாங்காது. சின்ன மாற்றங்கள் போதும்.

முதலில் சீனி. கோப்பைக்கு இரண்டு கரண்டியை ஒன்றாக்குங்கள். ஒரு மாதத்தில் நாக்குப் பழகிவிடும். பிறகு வெறும் தேத்தண்ணியோடு ஒரு சின்னத் துண்டு கருப்பட்டி போதும். ஆனால் கருப்பட்டியும் சீனிதான், கட்டியாகக் கடிக்க வேண்டாம்.

இரண்டாவது ரொட்டி. மூன்று சாப்பிடுபவர் இரண்டாக்கி, மிச்ச இடத்தைப் பருப்பு, போஞ்சி, கோவா, லீக்ஸ், வல்லாரை, பொன்னாங்காணி ஆகியவற்றால் நிரப்புங்கள். லயத்துப் பின்னால் உள்ள மரக்கறித் தோட்டம் இதற்குத்தான்.

மூன்றாவது புரதம். முட்டை, நெத்தலி, டின்மீன், கடலை, பயறு. இவற்றில் ஏதாவது ஒன்று நாளுக்கு ஒரு தடவையாவது இருக்கட்டும். உப்பு மீனாகில் ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள்.

நான்காவது தேங்காய். ஒரேயடியாக விடச் சொல்லவில்லை. ஒரு சமையலில் ஒரு கறிக்கு மட்டும் பால் விடுங்கள். பொரியலைக் குறையுங்கள்.

நாம் முன்பு சொன்ன அந்த ஓய்வு பெற்ற அம்மா, முதலில் கிளினிக்கில் சொல்லிவிட்டு இந்த மாற்றங்களைச் செய்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு மொத்தம் 190, எச்.டி.எல். 38, ட்ரைகிளிசரைட் 190, எல்.டி.எல். 114. எல்.டி.எல். கொஞ்சம் ஏறியிருக்கிறதே என்று கவலைப்பட்டார். கழித்த எண்ணைப் போட்டுக் காட்டினோம். 164 இலிருந்து 152க்கு இறங்கியிருக்கிறது. ஆனாலும் சீனி வருத்தம் இருப்பதால் டொக்டர் அவருக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதினார். "ரொட்டியும் குறைச்சு மாத்திரையுமா ஐயா?" என்றார். ஆமாம் அம்மா, இரண்டும்தான்.

யார் தானாகத் தொடங்கக் கூடாது?

சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஊசி போடுபவர்களும், கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் சோற்றைத் திடீரென நிறுத்தினால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். மலையில் தனியாக நிற்கும்போது வந்தால் என்ன செய்வது? முதலில் டொக்டர் மருந்தின் அளவை மாற்ற வேண்டும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், வளரும் பிள்ளைகள், சிறுநீரக வருத்தக்காரர் இம்முறைக்குப் போக வேண்டாம். எவரும் வீடியோவைப் பார்த்து மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற வலி, அது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர் வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் 'வாயு' என்று பூண்டு தின்றுகொண்டு இருக்காதீர்கள். 1990 இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தோட்ட வைத்திய உதவியாளருக்கும் உடனே சொல்லுங்கள்.

35 வயதைத் தாண்டியவர்கள் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்தில் இலவசமாக உடம்பைப் பரிசோதித்துக்கொள்ளலாம். பெரட்டு நேரம் என்று தள்ளிப் போடாதீர்கள். எந்த நாளில் நடக்கிறது என்பதைத் தோட்ட டிஸ்பென்சரியில் கேட்டால் சொல்லுவார்கள்.

வீட்டுப் பாடம்

பிள்ளைகளிடம் கொப்பியும் பென்சிலும் வாங்கிக் குடும்பமாகச் செய்யுங்கள்.

1. ஒருவரின் மொத்தம் 220, எச்.டி.எல். 50, ட்ரைகிளிசரைட் 100. எல்.டி.எல். எத்தனை? கழித்த எண் எத்தனை?
2. எல்.டி.எல். 4.0 மில்லிமோல் என்று இருந்தால் எத்தனை மில்லிகிராம்?
3. உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தேக்கரண்டி சீனி தேத்தண்ணிக்குப் போகிறது?
4. உங்கள் குடும்பத்தில் 55 வயதுக்கு முன் நெஞ்சுவலியால் இறந்தவர் யாராவது உண்டா? பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

விடைகள்: முதலாவதுக்கு 150, 170. இரண்டாவதுக்கு ஏறக்குறைய 155. மூன்றாவதும் நான்காவதும் உங்களுக்கு மட்டுமே தெரியும். நான்காவதின் விடையை அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோய் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அடுத்த பாடத்தில் சிறுநீரகத்தைப் பற்றிப் பார்ப்போம். வணக்கம்.

தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்